ஒரு வோல்ட் கேட்கிற இடத்தில்

மார்ச் 3, செவ்வாய்

வேலைக்குத் திரும்பி இன்றோடு இரண்டு நாள். ஏழு மாத விடுப்புக்குப் பிறகு என் மேஜை அப்படியே இருக்கிறது. நாற்காலியை மட்டும் யாரோ ஒரு நெட்டைக்காரர் தன் உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார். காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் நெம்புகோலை இழுக்கலாம் என்று தோன்றியது. மூளை இன்னும் வீட்டிலிருந்து வந்து சேரவில்லை.

குட்டியைக் காப்பகத்தில் விட்டபோது அழவில்லை. அதுதான் எனக்கு அழுகையாக வந்தது. காப்பகத்து ஆன்ட்டி, "பாருங்க, உங்களைவிட அவதான் தைரியசாலி"ன்னு சொன்னாங்க. சிரித்தேன். படி இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவளுக்குப் பால் எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் படுக்கவைத்தால் தூங்குவாள் எல்லாம் எழுதி இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று ஆன்ட்டிக்கு. இன்னொன்று குளிர்பதனப் பெட்டிமேல், இவருக்கு. முப்பத்தி இரண்டு வரி. இவர் பார்த்துவிட்டு, "நான் மருந்துக்கடைக்காரன். என் கடையில ஹார்ட் மாத்திரைக்கே இவ்வளவு எழுதி ஒட்டுறதில்ல" என்றார்.

மார்ச் 5, வியாழன்

புதிய சர்க்யூட் போர்டுகள் மூன்று வந்துவிட்டன. வாங்கப்போகிற கம்பெனிகள் எங்கள் சிப்பைச் சோதித்துப் பார்ப்பதற்காகச் செய்கிற மாதிரி போர்டு இது. மூன்றே மூன்றுதான். ஏப்ரல் இரண்டாம் தேதி வாங்குகிறவர்கள் நேரில் வருகிறார்கள். அதற்குள் உயிர் கொடுத்து, ஓடவைத்து, சோதித்து முடித்திருக்க வேண்டும்.

உயிர் கொடுப்பது என் வேலை. விடுப்புக்கு முன்பும் அதுதான். புது போர்டில் முதல்முதலாக மின்சாரம் ஏற்றுவதை இந்த லேபில் நான்தான் செய்வேன். தலைவர் மற்றதில் எல்லாம் மூக்கை நுழைப்பார், இதில் மாட்டார். (அவர் எங்கள் குழுவின் தலைமை இன்ஜினியர். நேரில் சார், முதுகுக்குப் பின்னால் தலைவர்.) அந்த ஒரு நிமிடம் எனக்குப் பிடிக்கும். பொத்தானை அழுத்தியதும் கரண்ட் எண் பூஜ்ஜியத்திலிருந்து மெல்ல ஏறி, ஏற வேண்டிய இடத்தில் நின்றால் போர்டு மூச்சுவிட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

போர்டுகளில் சின்னச் சின்னப் பாகங்களையெல்லாம் பற்றவைத்தது சால்டர் அக்கா. மைக்ரோஸ்கோப்பின் கீழ் மணல்போல இருக்கும் கெப்பாசிட்டர்களை, இருநூற்றுச் சொச்சம், கையாலேயே. என்னைப் பார்த்ததும் தலையில் மாட்டியிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "வாடி புது அம்மா! கண்ணுக்குக் கீழ என்ன, மை இழுத்திருக்கியா, இல்ல தூங்கவே இல்லையா?" என்றார்.

அக்கா ஒருவருக்காவது நான் திரும்பி வந்தது சந்தோஷம்.

மார்ச் 9, திங்கள்

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

முதல் போர்டு செத்துவிட்டது. நான் கொன்றேன்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். அந்தச் சிப்புக்கு மூன்று மின்னழுத்தம் வேண்டும். உள்ளே இருக்கும் மூளைப் பகுதிக்கு ஒரு வோல்ட். ஒன்றரை வோல்ட் போனாலே பொறுக்காது. மற்ற இரண்டுக்கும் ஒன்று புள்ளி எட்டும், மூன்று புள்ளி மூன்றும். பெஞ்சிலிருக்கும் பவர் சப்ளையில் மூன்று சேனல், ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் ஒன்று. ஒவ்வொரு முறையும் கையால் அமைக்காமல் இருக்க அதில் நினைவு எண்கள் உண்டு. எண்ணைத் தேர்ந்து ரீகால் பொத்தானை அழுத்தினால் பழைய அமைப்பு அப்படியே வந்துவிடும். இந்தக் குடும்பத்துச் சிப்புகளுக்கெல்லாம் நான் வைத்த எண் இரண்டு. நான்கு வருடமாக இரண்டுதான்.

வயர்களை மாட்டினேன். கருப்பு, சிவப்பு, இன்னொரு கருப்பு, மஞ்சள். எல்லாம் சரி. அப்போது பையில் போன் அதிர்ந்தது. காப்பகம். "குட்டிக்கு உடம்பு கொஞ்சம் சூடா இருக்கு, பயப்படாதீங்க, முடிஞ்சா சீக்கிரம் வாங்க." பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது பயம்தான்.

கிளம்புவதற்குமுன் இதை மட்டும் ஆன் செய்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஏன் நினைத்தேன்? விட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன? — குழந்தை பெற்றவள் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதுதான்.

ரீகால். இரண்டு. ஆன்.

கரண்ட் எண் ஏறவில்லை, குதித்தது. கரண்ட் உச்ச அளவைத் தொட்டதற்கான சிவப்பு விளக்கு. ஒரு நொடி, ஒன்றரை நொடி இருக்கும், அணைத்துவிட்டேன். புகை இல்லை. லேசாக ஒரு வாசனை. சிப்பின்மேல் விரல் வைத்தேன், சுட்டது. அப்புறம்தான் முதல் சேனலைப் பார்த்தேன். 3.30. ஒரு வோல்ட் கேட்கிற இடத்தில் மூன்றே கால் வோல்ட்டுக்கு மேல் கொடுத்திருக்கிறேன்.

என் ஏழு மாதத்தில் யாரோ இரண்டாம் எண்ணில் வேறு எதையோ சேமித்திருக்கிறார்கள். இருக்கட்டும். நான் திரையைப் பார்த்திருக்க வேண்டும். போர்டை மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்து அளந்திருக்க வேண்டும். கல்லூரியில் முதல் வாரம் சொல்லிக்கொடுத்தது.

இதற்கு மேல் எழுதக் கூசுகிறது. தலைவர் செருப்புச் சத்தம் நடைபாதையில் கேட்டது. என் கை தானாகப் போய்க் குமிழைத் திருகியது. 3.30 போய் 1.00 ஆனது. அவர் உள்ளே வந்தபோது திரையில் எல்லாம் சரியாக இருந்தது.

"என்னாச்சு?"

"தெரியல சார். ஆன் பண்ணேன், உடனே கரண்ட் லிமிட்ல போய் நின்னுடுச்சு."

அவர் திரையைப் பார்த்தார். வயர்களைப் பார்த்தார். "உன் பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. போர்டுலதான் எங்கயோ ஷார்ட்" என்றார்.

நான் தலையாட்டினேன். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

குட்டிக்குப் பல் முளைக்கிறது. அவ்வளவுதான். கீழே இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

மார்ச் 10, செவ்வாய்

போர்டில் ஷார்ட் என்றால் யார் மேல் போய் விழும் என்று நேற்று நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

தலைவர் காலையில் அக்காவின் மேஜைக்குப் போய் போர்டை வைத்தார். "கொஞ்சம் பாத்துப் பண்ணியிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூட இல்லை. அக்கா, "நான் பாக்காம பண்ணதா ஒண்ணு காட்டுங்க சார்" என்றார். "அதத்தான் கண்டுபிடிக்கச் சொல்றேன்" என்றுவிட்டு அவர் போய்விட்டார்.

ஷார்ட்டைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துப் பார்ப்பது. அக்கா ஆரம்பித்துவிட்டார். கழற்றியதையெல்லாம் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டும் நாடாவில் பதிக்கிறார், எது எங்கே இருந்தது என்று பென்சிலால் எழுதி. மாலைக்குள் அறுபது ஆகியிருந்தது.

ஷார்ட் சிப்புக்குள் இருக்கிறது. கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் கழற்றினாலும் போகாது.

மார்ச் 11, புதன்

நூற்றுப் பத்து.

மார்ச் 12, வியாழன்

அக்கா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னவோ சொல்லத்தான் போனேன். அவர்தான் பேசினார்.

"இனிமே போர்டு பத்தவெக்கிற வேலைய வெளியில குடுத்துடலாமான்னு கேக்குறாராம் உங்க தலைவர். மிச்சம் இருக்கற ரெண்டையும் எக்ஸ்ரே எடுக்கணுமாம். பதினெட்டு வருஷமா பண்றேன். எங்கயோ ஒரு தடவ தப்பா வெச்சுட்டேன் போல, எங்கன்னுதான் தெரிய மாட்டேங்குது." பிறகு குரலைத் தாழ்த்தி, "நேத்து ராத்திரி கனவுல கூட கெப்பாசிட்டர் பொறுக்கறேன்டி" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "குட்டிக்குப் பல் வருது அக்கா" என்றேன். அதைத்தான் சொன்னேன்! வாயில் வந்தது அதுதான். அவர் பையைத் துழாவி, கடிக்கக் கொடுக்க ஒரு ரப்பர் வளையம் எந்தக் கடையில் நன்றாகக் கிடைக்கும் என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் குட்டியின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"சொல்லாட்டி என்ன ஆகும்?"

"அக்கா வேலை போகும்."

"போகும்னு சொன்னாங்களா, போகலாம்னு சொன்னாங்களா?"

"ஏங்க, அது ஒரு கேள்வியா?"

"சொன்னா உனக்கு என்ன ஆகும், அதையும் யோசி. நீ சேந்து ரெண்டு வாரம் ஆகல. ஒரு போர்டு. பொருள்தானே. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

நான் கேட்டேன், உங்க கடையில ஒரு மாத்திரைக்குப் பதிலா இன்னொன்ன குடுத்துட்டா என்ன பண்ணுவீங்கன்னு.  இவர் கடைசிப் பொத்தானைப் போட்டார், ஒன்று தள்ளிப் போட்டிருந்தது, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி. நான்கு நாளாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதேதான். ஒரு தடவைதானே. தூக்கம் இல்லாததால்தானே. யாரோ அமைப்பை மாற்றியதால்தானே. இத்தனை 'தானே' போட்டாலும் அக்காவின் தாளில் எண் ஏறிக்கொண்டுதான் போகிறது.

எது பயம் என்று நேராகக் கேட்டுக்கொள்கிறேன். திட்டுவார்கள் என்பதா? இல்லை. 'பாவம், குழந்தை இருக்கு இல்ல' என்பார்களே — அது. நான் போன வருடம் வரை இந்த லேபில் எதையும் எரித்ததில்லை. இனி எது எரிந்தாலும் அதற்குக் காரணம் என் மகளாகிவிடுவாள்.

மார்ச் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

முதலில் தலைவரிடம் போகத்தான் கிளம்பினேன். அவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. திரும்பினால் அக்கா மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருக்கிறார். தாளில் நூற்று எழுபத்தி மூன்று. கால் அங்கேயே நின்றுவிட்டது.

"அக்கா, நிறுத்துங்க. அது உங்க தப்பு இல்ல. நான்தான். தப்பான வோல்டேஜ் குடுத்துட்டேன். அப்புறம் அவர் வரதுக்குள்ள திரையில மாத்தி வெச்சுட்டேன்."

அக்கா சால்டரிங் கோலை அதன் கூட்டில் செருகினார். தலைக்கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் அதன் பட்டை பதிந்த சிவப்புக் கோடு.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே." அவர் அந்தச் சொல்லை ஒரு பாகத்தைப் போல எடுத்துப் பார்த்தார். "நேத்து வந்து பக்கத்துல நின்னியே."

"சொல்லத்தான் வந்தேன்."

"பல் வருதுன்னு சொல்லிட்டுப் போன. நானும் கடை அட்ரஸ் எழுதிக் குடுத்தேன்."

எழுந்து கை கழுவப் போனார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல், "போய் அவர்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா கோள் மூட்டுற மாதிரி ஆயிடும்" என்றார். பிறகு, நான் நகர்ந்த பிறகு, முதுகுக்குப் பின்னால்: "நூத்தி எழுபத்தி மூணுடி. உனக்கு ஏதாவது மனசாட்சி இருக்கா?"

தலைவர் அறையில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"மீட்டர் வெச்சுப் பாக்கலையா?"

"பாக்கல சார்."

"நீயா பாக்கல? ஏன்?"

சொல்லக் கூடாது என்று படியேறும்போதெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். "காப்பகத்துலேர்ந்து போன் வந்துச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். கனிவு வந்தது. "புரியுது. இந்த மாதிரி நேரத்துல கவனம் முன்னப்பின்னதான் இருக்கும். கொஞ்ச நாள் பெஞ்சுக்கு வராதே. ரெண்டாவது போர்ட நானே பாத்துக்கறேன். வாங்கறவங்களுக்கு ஒரு கையேடு வேணும், பவர் சப்ளை எப்படி இணைக்கறது, எப்படி அமைக்கறதுன்னு. நீ அத எழுது. உக்காந்த எடத்துலயே வேலை." அக்காவிடம் தானே போய்ப் பேசிவிடுவதாகச் சொன்னார். இரண்டாம் எண்ணில் யார் மாற்றியது என்று நான் கேட்கவில்லை. அவரும் பேச்சை அங்கே கொண்டுபோகவில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே வேலை. கர்ப்பமாக இருந்தபோதுகூட இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மார்ச் 14, சனி

இவரிடம் சொன்னேன், சொல்லிவிட்டதாக. "நல்லது" என்றார். பால் புட்டியைக் கழுவிவிட்டு வந்து, "முந்தாநேத்து நான் பேசினத மனசுல வெச்சுக்காத" என்றார்.

குட்டி குப்புற விழுந்து, மூக்கு தரையில் இடித்து, அழாமல் தரையை முறைத்தாள்.

மார்ச் 16, திங்கள்

கையேடு, முதல் நாள். 'பவர் சப்ளையைப் போர்டுடன் இணைத்தல்' என்று தலைப்பு எழுதினேன். மதியம்வரை அது மட்டும்தான் இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் என் பெஞ்சில் தலைவர் நின்று இரண்டாம் போர்டுக்கு உயிர் கொடுத்தார். எண் ஏறியது எனக்குத் தெரியவில்லை, அவர் தோள் இறங்கியது தெரிந்தது. போர்டு பிழைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். கொஞ்சம்.

அக்கா என்னோடு பேசுவதில்லை. கழற்றியவற்றை மறுபடி பற்றவைக்கவும் இல்லை. எதற்கு?

மார்ச் 20, வெள்ளி

பத்தொன்பது பக்கம் எழுதினேன். நாற்பத்தி ஒரு படிகள். வயரின் தடிமன் என்ன, நீளம் எவ்வளவு, எந்தத் திருகை எவ்வளவு முடுக்க வேண்டும், கையில் ஈரம் இருந்தால் என்ன ஆகும், எது எப்படியெல்லாம் தவறக்கூடும் — ஒன்றையும் விடவில்லை. பழைய போர்டுக்கு நானே நான்கு வருடம் முன் எழுதிய கையேட்டிலிருந்து சில பகுதிகளை அப்படியே எடுத்தும் போட்டேன்.

தலைவர் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

"இது கையேடா, இல்ல ஊருக்குப் போற மாமியார் மருமகளுக்கு எழுதி வெச்ச லெட்டரா?"

"எதையும் விடக் கூடாதுன்னு..."

"பத்தொம்பது பக்கத்த யார் படிப்பா? ரெண்டு பக்கம். பன்னெண்டு படி. படிக்கறவனும் இன்ஜினியர்தான், அவனுக்கும் கை கால் இருக்கு."

வீட்டுக்கு வந்து குளிர்பதனப் பெட்டிமேல் இருந்த முப்பத்தி இரண்டு வரியைப் பார்த்தேன். இவரிடம் கேட்டேன், "இத முழுசாப் படிச்சிருக்கீங்களா?" கொஞ்சம் தயங்கி, "மூணாவது வரி வரைக்கும்" என்றார். மூன்று வாரமாகக் குட்டி சாப்பிட்டு, தூங்கி, எடையும் ஏறியிருக்கிறாள், மூன்று வரியில்.

கோபப்படத்தான் நினைத்தேன். சிரித்துவிட்டேன். அப்புறம் கோபமும் பட்டேன்.

மார்ச் 23, திங்கள்

பன்னிரண்டு படிகள். இரண்டு பக்கம். வெட்டிக் குறைத்து, கூட்டி, மறுபடி குறைத்து. எனக்குத் திருப்தி. ஆனால் நான் எழுதியது எனக்குப் புரிவதில் என்ன அதிசயம்? இந்தப் பவர் சப்ளையைத் தொட்டே இராத ஒருவர் இதை மட்டும் வைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டும் என்று தலைவரிடம் கேட்டேன். "யாரையாவது கூப்பிட்டுக்கோ. ஆனா நல்ல போர்டு கெடையாது" என்றார்.

செத்த போர்டு இருக்கிறதே என்றேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பத்து நாளில் அக்காவின் முதல் குரல். "நான் வர்றேன். என்னதான் எழுதியிருக்கான்னு பாக்கலாம்."

மார்ச் 24, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும்.

அக்கா பெஞ்சின் முன் உட்கார்ந்தார். இடது பக்கம் கையேடு, வலது பக்கம் செத்த போர்டு. "நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. வாயத் தொறக்கக் கூடாது. கையையும் நீட்டக் கூடாது. வாங்கறவங்க ஆபீசுக்கெல்லாம் நீ கூடவே போயி உக்காரப் போறதில்ல" என்றார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவர் ஒவ்வொரு படியையும் சத்தமாக வாசித்தார், பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல. ஒன்று: பவர் சப்ளையின் அவுட்புட் அணைந்திருப்பதை உறுதி செய்க. "அவுட்புட் எது, இந்தப் பொத்தானா, பின்னாடி இருக்கற பெரிய சுவிட்சா? எழுதல. சரி, நானே பாத்துக்கறேன்." இரண்டு: கருப்பு வயரைத் தரை (கிரவுண்ட்) முனையில் இணைக்க. "போர்டுல தரைன்னு நாலு எடத்துல போட்டிருக்கு. எந்தத் தரை? தரையில உக்காந்துடவா?" எனக்கு நாக்கு துருதுருத்தது. பேசவில்லை.

மூன்று. நான்கு. சிவப்பு வயரை ஒரு வோல்ட் முனையில் இணைக்க. இணைத்தார். ஐந்து, ஆறு. மூன்று சேனலும் போர்டில் மாட்டியாயிற்று. ஏழாம் படியை வாசித்தார். மூன்று சேனல்களின் மதிப்பையும் அமைத்து, போர்டை இணைக்கும் முன் மீட்டரால் சரிபார்க்க.

நிறுத்தினார். மேலே போய் மறுபடி வாசித்தார். கீழே வந்தார்.

"போர்ட இணைக்கும் முன்னாங்கற. நான் மாட்டியே முடிச்சுட்டேனே. இனிமே எங்க போய் அளக்கறது?"

ஸ்டூலிலிருந்து எட்டித் தாளைப் பார்த்தேன்.

அளக்கும் படியை நான் விட்டுவிடவில்லை. எழுதியிருக்கிறேன். தடித்த எழுத்தில்கூட எழுதியிருக்கிறேன். ஆனால் வயர் மாட்டுவதற்குப் பிறகு எழுதியிருக்கிறேன். பழைய கையேட்டிலிருந்து எடுத்த ஆறு படிகளுக்குப் பின்னால் புதிதாக இதை ஒட்டவைத்திருக்கிறேன். என் கை எப்போதும் செய்கிற வரிசை அது. மாட்டு, அப்புறம் அமை. அன்றைக்கும் அப்படித்தானே? போன் வருவதற்கு முன்பே வயரையெல்லாம் மாட்டிவிட்டிருந்தேன். போன் வராவிட்டாலும் அந்தப் போர்டு மாட்டியபடிதான் ரீகாலுக்குக் காத்திருந்திருக்கும். நான்கு வருடமாக மாட்டிய பிறகே அமைத்திருக்கிறேன். நான்கு வருடமாக இரண்டாம் எண்ணை யாரும் மாற்றாததால் எதுவும் எரியவில்லை.

குழந்தை வந்ததால் இல்லை. குழந்தைக்கு முன்பே இருந்த தப்பு.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி ஆயிட்ட? இப்பப் பேசலாம், பேசு."

சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அப்ப இது அப்படியே போயிருந்தா?" என்றார்.

"வாங்கறவங்களும் மாட்டிட்டுத்தான் அமைச்சிருப்பாங்க."

"எரிஞ்சிருந்தா யாரச் சொல்லியிருப்பாங்க?"

  அக்கா பேனாவை எடுத்து, ஏழாம் படியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதை மேலே, கருப்பு வயருக்கும் முன்னால் இழுத்து ஓர் அம்புக்குறி போட்டார். அந்தக் கோட்டில் தாளே கிழிந்தது. அவ்வளவு அழுத்தம்.

"எம்மேல இருக்கற கோவத்தத் தாள்ல காட்டாதீங்க அக்கா" என்றேன்.

"உன்மேல காட்டினா உடைஞ்சு போயிடுவ" என்றார். "அடுத்த படி என்ன, படி."

நான்கு மணிவரை உட்கார்ந்தோம். பதினேழு இடத்தில் திருத்தினார்.

மார்ச் 25, புதன்

இப்போது இருக்கிற வரிசை. போர்டு பெஞ்சிலேயே இருக்கக் கூடாது, அலமாரியில் இருக்கட்டும். சேமித்த எண்ணை நம்பாமல் மூன்று மதிப்பையும் கையால் அமை. கரண்ட் லிமிட்டைக் குறைத்து வை, அப்போதுதான் தவறு நடந்தாலும் சப்ளை அதிகமாகத் தள்ளாது. வெறும் வயர் முனையில் மீட்டரை வைத்து அளந்து, அளந்த எண்ணைத் தாளில் எழுது. அவுட்புட்டை அணை. பிறகுதான் போர்டு. ஆன் செய்யும்போது ஒரு வோல்ட் முதலில், மூன்று புள்ளி மூன்று கடைசியில். அணைக்கும்போது தலைகீழ்.

பதினான்கு படி. இரண்டு அதிகம். தலைவர் என்ன சொல்வாரோ.

மார்ச் 27, வெள்ளி

குட்டிக்கு உண்மையிலேயே காய்ச்சல். விடுப்பு. பகல் முழுக்கத் தோளிலேயே. ஒன்றும் யோசிக்கவில்லை, ஆச்சரியம்.

மார்ச் 30, திங்கள்

தலைவர் கையேட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒரு இடத்தில் பென்சில். 'சேமித்த எண்ணை நம்பாமல்' என்ற வரிக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில்: 'வேறொருவர் மாற்றியிருக்கலாம்.'

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டிசம்பர்ல ஒரு பழைய போர்ட சோதிக்க வேண்டியிருந்துச்சு. ரெண்டாம் நம்பர்ல வெச்சேன். ஒரு ஸ்டிக்கராவது ஒட்டியிருக்கணும்."

"நீங்களா சார்?"

"நான்தான். நீ வந்து சொன்ன அன்னைக்கே ஞாபகம் வந்துச்சு." கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

பதினேழு நாள். நான் நான்கு நாளில் சொன்னேன் என்று மனது உடனே கணக்குப் போட்டது. சீ, என்ன மனது இது! அந்த நான்கு நாளும் அக்காவின் கண்ணில்தானே போனது. தலைவருடைய பதினேழு நாளில் நான் பெஞ்சை இழந்தேன். கனிவோடு என்னை உட்காரவைத்தாரே, அந்தக் கனிவுக்குள் இதுவும் இருந்திருக்கிறது.

"அக்காகிட்டயும் சொல்லிடுங்க சார்" என்றேன். சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. மதியம் அவர் அக்காவின் மேஜைப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அக்கா வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். வெளியில் கொடுக்கிற பேச்சு இனி இல்லையாம். அக்கா இதை எனக்குச் சொன்ன விதம்: "பதினெட்டு வருஷத்துல ஒரே மாசத்துல ரெண்டு பேரு என்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. லீவு போட்டுட்டுப் போய்த் திருஷ்டி கழிக்கணும்."

ஏப்ரல் 2, வியாழன்

வாங்குகிறவர்கள் வந்தார்கள். மூன்று பேர். எங்களில் யாரும் தொடவில்லை. கையேட்டைக் கொடுத்து, நீங்களே செய்யுங்கள் என்றார் தலைவர். நான் சுவர் ஓரமாக நின்றேன். அவர்களில் இளையவர் வந்ததுமே போர்டைப் பெஞ்சில் வைத்து வயரை எடுத்தார். மூத்தவர் அவர் கையைத் தட்டி, "மொதல்ல இதப் படி" என்று முதல் படியைக் காட்டினார். போர்டு அலமாரிக்குத் திரும்பிப் போனது.

அரை மணி நேரம். போர்டு ஓடியது.

யாரும் கையேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது மூத்தவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 3, வெள்ளி

குளிர்பதனப் பெட்டிமேல் இருந்ததை எடுத்துவிட்டு ஐந்து வரி எழுதி ஒட்டினேன். இவர் அதில் கடைசி வரியை அடித்துவிட்டு, 'சந்தேகம்னா உனக்கே போன் பண்றேன்' என்று எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

மூன்றாவது போர்டு என் பெஞ்சில் இருந்தது. யாரும் கொண்டுவந்து வைத்ததாகச் சொல்லவில்லை, பக்கத்தில் எழுதிவைக்கவும் இல்லை. அதை எடுத்து அலமாரியில் வைத்தேன். தலைவர் வேறு கட்டடத்தில் கூட்டத்தில் இருந்தார்.

கையால் அமைத்தேன். அளந்தேன். எழுதினேன். 1.00, 1.80, 3.31. அணைத்தேன். போர்டை எடுத்துவந்து கருப்பிலிருந்து ஆரம்பித்தேன். அக்கா நான்கு அடி தூரத்தில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருந்தார். நான் பொத்தானில் விரலை வைத்தபோது அவர் நிமிரவில்லை.

எண் ஏறியது. நின்றது.

"வந்துச்சா?" என்றார், குனிந்தபடியே.

"வந்துச்சு அக்கா."

"சரி. அந்த ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. சால்டர் புகையெல்லாம் எம்மூஞ்சிலதான் அடிக்குது."